என் கால்களைச் சந்தேகித்த பதினான்கு நாட்கள்

சைக்கிள் மிதிக்கும்போது கால் மேலே வந்ததும் சட்டென்று நழுவியது. கீழே அழுத்தும்போது கனத்தது. இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி. வியட்நாமில் நாங்கள் வசிக்கும் பூ மி ஹங் பகுதியில், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஆற்றோரம் போகும் பாதையில், காலை ஆறு மணிக்கு நான் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன்.

இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி என்பதுதான் பயம். முந்தின வருடம் எனக்குக் கில்லன் பாரே நோய் (உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்குவது) அப்படித்தான் தொடங்கியது. ஐந்தாவது நாள் என்னால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. மறுபடி நடக்க ஏழு மாதம் ஆனது. அதன்பின் கால்களுக்குப் பலம் வரட்டும் என்று மருத்துவர் சொல்லித்தான் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருந்தேன்.

என் கணவர் ஜெரால்டிடம் சொன்னேன். அவர் சைக்கிள் பித்தர். என் சைக்கிளையும் அவர்தான் பராமரிப்பார். "அசதியா இருக்கும், அமலா. இன்னும் ரெண்டு நாள் ஓட்டிப் பாரேன்" என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. படியேறும்போது ஒன்றுமில்லை. ஆனால் பயந்தவளுக்கு அது ஆறுதலாகத் தெரியவில்லை. காரைக்காலில் இருக்கும் அக்காவைப் போனில் கூப்பிட்டு, எனக்கு ஏதாவது ஆனால் மகளை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அழுதேன். ஜெரால்டு அதே அறையில்தான் இருந்தார்.

மருத்துவமனையில் நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின் அதிர்ச்சி கொடுத்து நரம்பின் வேகத்தை அளப்பது) செய்தார்கள். ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் கால் தானாகத் துள்ளியது. வெளியே என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜெரால்டு உட்கார்ந்திருந்தார்.

மருத்துவர் ஒரு வியட்நாமியப் பெண்மணி, நிதானமானவர். அவரையும் உள்ளே அழைத்து, முடிவைப் பார்த்துவிட்டு, "போன முறையைவிட நன்றாக இருக்கிறது. நடக்கும்போதும் கால் இப்படி நழுவுகிறதா?" என்று கேட்டார்.

"இல்லை. பெடல் மிதிக்கும்போது மட்டும்."

"அப்படியென்றால் சைக்கிளைச் சோதிக்க வேண்டும். அதில் எதையாவது மாற்றினீர்களா?"

இல்லை என்று சொல்லிக்கொண்டே ஜெரால்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில்தான் பேசினோம்.

"எப்ப மாத்துனீங்க?"

"ரெண்டு வாரம் ஆச்சு. பெடலோட இருக்கிற பல்சக்கரம். வட்டமா இருந்ததை எடுத்துட்டு ஓவலா ஒண்ணு போட்டேன். முட்டிக்கு நல்லதுன்னாங்க. சொல்லாம விட்டா, உனக்கே வித்தியாசம் தெரியுதான்னு பாக்கலாம்னு…"

"தெரிஞ்சுதே. நான் வந்து சொன்னேனே."

"அன்னைக்கே சொல்லியிருக்கணும். அப்புறம் நீ அழுத. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"ஷாக் குடுத்தப்பவும் தெரியலையா?"

அவர் என் கைப்பையை என்னிடம் நீட்டினார்.

மறுநாள் தனியாகவே சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் செயின் மூடியைக் கழற்றிப் பெடலைச் சுற்றிக் காட்டினார். பல்சக்கரத்தின் அகன்ற பக்கம் வரும்போது செயின் எழும்பியது, குறுகிய பக்கத்தில் தாழ்ந்தது. கால் பலமாக அழுத்தும் இடத்தில் பாரம் கூடும். உச்சியிலும் அடியிலும், கால் திணறும் இடத்தில், குறையும். கெட்ட பொருள் அல்ல, கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றார். இருக்கலாம். வட்டமானதையே போடச் சொன்னேன்.

இதே நோயிலிருந்து மீண்டு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கால்கள் எனக்குச் சரியாகத்தான் சொல்லின. வித்தியாசம் இருந்தது, அதை அவை உணர்ந்தன. நான்தான் அவற்றை நோயாளிகளாகவே நினைத்திருந்தேன். பயப்படுமுன் எப்போது, எங்கே, எதைச் செய்யும்போது என்று குறித்துவையுங்கள்; மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். உங்களைக் கவனித்துக்கொள்கிறவர்களிடம், என்னைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்றும் சொல்லுங்கள்.

ஜெரால்டு இப்போது டயருக்குக் காற்றடிப்பதைக்கூடச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார். மன்னிப்பும் கேட்டுவிட்டார், பலமுறை.

நோய்க்குப் பின் தினமும் விழித்ததும் கால்விரல்களை அசைத்துப் பார்ப்பேன். அசைந்தால் போதும், எழுந்துவிடுவேன். இப்போது விரல்கள் அசைந்த பிறகும் கொஞ்ச நேரம் படுத்தே இருக்கிறேன், பக்கத்தில் தூங்குகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு.