கொல்லைப்புறச் சுரங்கம்

என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் சூப்பர்வைசர். மண் வெட்டும் ராட்சத இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே இருபத்தைந்து வருடத்தை ஓட்டியவர். எதையும் லேசில் நம்பமாட்டார். டாக்டர் ரத்த அழுத்தம் சொன்னால், கருவி சரியாக இருக்கிறதா என்று அவரையே திருப்பிக் கேட்பார்.

எனக்கோ பழைய விண்வெளித் தொடர்கள் என்றால் உயிர். சின்ன வயதில் எங்கள் குவார்ட்டர்ஸில் வாய் பிளந்து பார்த்தவை, இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் போட்டுவிடுவேன். இவரும் பக்கத்தில் உட்காருவார். உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன?

"காத்தே இல்லாத எடத்துல வெடிச்சா சத்தம் எப்படி கேக்கும்?"

"நூல்ல கட்டித் தொங்க விட்டிருக்கான் கப்பலை. தெரியுது பாரு."

"இது வேற கிரகமா? கல்குவாரிம்மா. ஓரத்துல டோசர் ஓடுன தடம் அப்படியே கெடக்கு."

அத்தனையும் உண்மை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒரு ஞாயிறு, கதையில் ஒரு நகரமே இடிந்து விழுகிறது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். "தூசி பொத்துனு கீழ விழுதுன்னா அது பொம்மைக் கட்டடம். நெஜமான மண்ணு விழுந்தா தூசி அந்தரத்துல நிக்கும்" என்றார். டிவியை அணைத்துவிட்டேன். இந்த மனிதரை ஒரே ஒரு நிமிடமாவது நம்ப வைக்க வேண்டும், முடியாவிட்டால் இனி தனியாகத்தான் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவர் இல்லாமல் பார்த்தால் எனக்கு ருசிக்காது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் காலை ஷிப்ட் போனதும் கொல்லையில் வேலையை ஆரம்பித்தேன். செம்மண்ணை மாவுச் சல்லடையில் சலித்துக் குவித்து, தோசைக் கரண்டியால் படிப்படியாக வெட்டினேன். மைன்ஸில் அந்தப் படிகளுக்கு பெஞ்ச் என்று பெயர். அடியில் நிலக்கரிக்காகக் காயவைத்த காபிச் சக்கை. பழைய டிபன் மூடியைச் சுற்றி சோடா மூடிகளை வாளிகளாக ஒட்டினால், இயந்திரம் மண்ணை அள்ளும் வாளிச் சக்கரம் தயார். ஆனால் போனில் படம் எடுத்துப் பார்த்தால், தூசி மட்டும் அவர் சொன்ன மாதிரியே பொத்தென்று விழுந்தது. மண்ணில் முகப்பவுடரைக் கலந்து, போனைத் தரையோடு தரையாக வைத்து, ஸ்லோ மோஷனில் எடுத்தேன். பத்தாவது நாள் தூசி அந்தரத்தில் நின்றது. தனியாக நின்று கை தட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் காபியோடு போனையும் நீட்டினேன். "குரூப்ல யாரோ போட்டிருக்காங்க. உங்க மைன்ஸ்தானேங்க?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் மாறியது.

"எந்த பெஞ்ச் இது? இவ்ளோ செங்குத்தா வெட்டி வச்சிருக்கானுங்க! மேல இருக்கற மண்ணு அப்படியே எறங்கிடுமே. கீழ ஆளுங்க நிப்பாங்கம்மா!"

காபியை அப்படியே வைத்துவிட்டு சேஃப்டி ஷூவைத் தேட ஆரம்பித்தார். ஒரு காலை நுழைத்தும் விட்டார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. நம்ப வைக்க ஆசைப்பட்டேனே தவிர, பயமுறுத்த நினைக்கவில்லை.

"முழுசா பாருங்க" என்று போனை மறுபடி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

சக்கரம் மெல்லச் சுற்றியது. தூசி நின்றது. கடைசியில், வீடியோவிலிருந்து நான் வேண்டுமென்றே நீக்காமல் விட்டிருந்த காட்சி வந்தது. ஒரு வாளியில் பாதி அளவுக்குக் கட்டெறும்பு ஒன்று பெஞ்சின்மீது ஏறி வந்து, வாளிச் சக்கரத்தை நின்று நிதானமாக முகர்ந்து பார்த்தது.

ஒற்றைக் காலில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தூசிய எப்படி நிக்க வச்ச?" என்றார். பவுடர் விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொல்லைக்குப் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் சுரங்கத்தை முழுசாக ஆய்வு செய்துவிட்டுத்தான் காபி குடித்தார். அது ஆறிப்போயிருந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடி தொடரைப் போட்டேன். கல்குவாரிக் கிரகம் வந்தது. அவர் வாய் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து, "இதெல்லாம் எத்தினி நாள் உக்காந்து பண்ணாங்களோ" என்று மட்டும் சொன்னார்.

அப்போது கப்பல் ஒன்று நட்சத்திரங்களுக்கு நடுவே மிதந்து வந்தது. என்னை அறியாமல் என் வாயிலிருந்து வந்துவிட்டது: "நூல் தெரியுதுங்க."

"கம்முனு இரு" என்றார் என் வீட்டுக்காரர். "கப்பல் போவுதுல்ல."