வெறுங்கிண்ணத்தின் சமூகவியல்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் தபால் வழியில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய வயது, நிலையான கம்பெனி வேலை, பரீட்சைக்கென்று எடுத்த விடுப்பு. ஆஸ்டின் டவுன் வீட்டின் முன்னறையில் லுங்கியோடு உட்கார்ந்து பகல் முழுவதும் வாசிப்பேன்.

முதல் பாடம் பண்பாடு. எல்லோரும் கடைப்பிடிக்கும் சின்னச் சின்ன வழக்கங்களை மீறினால் போலீஸ் வராது, சமூகமே தண்டித்துவிடும் என்றது பாடம். கேலி செய்யும், முகம் சுளிக்கும், பேச்சை நிறுத்தும். எதையும் சரிபார்க்காமல் நம்பும் பழக்கம் எனக்கில்லை.

எங்கள் சந்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். எதிர்வீட்டுக் கன்னடப் பெண்மணி பிசிபேளாபாத் கொடுத்தனுப்பிய கிண்ணத்தில் என் மனைவி சர்க்கரையைப் போட்டு, கொடுத்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினாள். படியிறங்கும்போதே சர்க்கரையை வாயில் கொட்டிக்கொண்டேன். வெறுங்கிண்ணத்தை நீட்டிவிட்டுத் தண்டனைக்காகக் காத்து நின்றேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். என் லுங்கியைப் பார்த்தார். "பரவால்லண்ணா, இருக்கட்டும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து இட்லி வந்தது. மாடி வீட்டிலிருந்து உப்புமா வந்தது. மதியம், அதுவரை எங்களோடு பேசியே இராத கோடி வீட்டிலிருந்து குழம்பு வந்தது. பாடத்தில் இப்படியொரு தண்டனை இல்லை. இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டேன்.

தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்பிய மனைவி குடத்தை 'ணங்'கென்று வைத்தாள்.

"ஏங்க, உங்களுக்கு வி.ஆர்.எஸ். குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாமே? சக்கரை வாங்கக்கூட வழியில்லாம கெடக்கறோமாமே? கொழாயடியில எல்லாரும் ஒதுங்கி, 'மொதல்ல நீ புடிச்சிக்கோக்கா'ங்கறாங்க. இனிமே நான் எப்படித் தலை நிமிந்து நடக்கறது?"

பாடத்தை விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"சமூகம் தண்டிக்கலையில்ல? நான் தண்டிக்கறேன். நாளையிலேருந்து பேண்ட்டு, ஷூ போட்டுகிட்டு, டிபன் பாக்ஸோட எல்லாரும் பாக்கற மாதிரி ஆபீசுக்குக் கெளம்பணும். பொழுது சாஞ்சுதான் வரணும்."

"லீவுல ஆபீசுக்குப் போய் என்ன பண்றது?"

"ஆபீசுக்கு யாரு போகச் சொன்னா? எங்கயாவது போய்ப் படிங்க."

மறுநாள், "ஆபீசுக்கு லேட்டாவுதுங்க!" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி வாசலில் நின்று கத்தினாள். நான் நேராகக் கப்பன் பார்க்குக்குப் போய், ஒரு மூங்கில் புதர் நிழலில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். சற்று நேரத்தில் தோளில் ஒரு கை விழுந்தது. எதிர்வீட்டுப் பெண்மணியின் கணவர். ஏதோ வழக்கு விஷயமாகக் கோர்ட்டுக்கு வந்தவர், பார்க் வழியாகக் குறுக்கே நடந்திருக்கிறார்.

அவர் என் டிபன் பாக்ஸைப் பார்த்தார். பாலிஷ் போட்ட ஷூவைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்காகிட்ட இன்னும் சொல்லலியாண்ணா?"

"ஐயோ, வேலை இருக்குப்பா. லீவு போட்டுப் பரீட்சைக்குப் படிக்கறேன்."

"ஆய்து, சரிண்ணா. இந்த வயசுல பரீட்சைன்னா யாரு நம்புவாங்க? வேற ஏதாவது சொல்லுங்க. நான் அக்காகிட்ட மூச்சு விட மாட்டேன்."

சொன்ன சொல் தவறாதவர். அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் இருந்தார். பார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் இடம் ஒன்று காலியாக இருப்பதாகவும், மேனேஜரிடம் எனக்காகப் பேசிவிட்டதாகவும், திங்கட்கிழமையே வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றும் மட்டும் சொன்னார்.

மனைவியின் முகம் சிவந்தது. சந்தில் போன மானத்தையெல்லாம் ஒரே மூச்சில் மீட்டுவிடப் போகிறாள் என்று நான் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சம்பளம் எவ்ளோ தம்பி வரும்?"