கழுவிய கால்கள்

தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கணுக்கால் எரியும். அந்த எரிச்சலோடுதான் எனக்குப் பெரிய வியாழக்கிழமை தொடங்கும். மதுக்கரையில் எங்கள் வீட்டுப் "பொடக்காலி"யில், அதாவது கொல்லைப்புறத்தில், ஒரு கல்லின்மேல் என்னை உட்காரவைத்து, அம்மா சிவப்பு சோப்பைப் போட்டு நகக்கண் வரை சுரண்டிக் கழுவிவிடுவாள். சீடர்களின் கால்களை இயேசு கழுவியதன் நினைவாக, அன்று மாலை எங்கள் சபை மூப்பர் பன்னிரண்டு பேரின் கால்களை முழங்காலிட்டுக் கழுவுவார். எங்கள் ஊரில் அந்தப் பன்னிரண்டும் பிள்ளைகள். பிள்ளையைப்போலத் தன்னைத் தாழ்த்துகிறவனே பரலோகத்தில் பெரியவன் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு.

"கழுவின காலை எதுக்கும்மா மறுக்காவும் கழுவோணும்?" என்று ஒரு வருஷம் கேட்டேன்.

"அய்யா கையில அழுக்குப் படக்கூடாதில்ல, கண்ணு" என்றாள் அம்மா.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து எனக்கு எல்லாவற்றின்மேலும் சந்தேகம். மூப்பர் அய்யா சிமெண்டு ஆலையில் மேற்பார்வையாளர். அங்கே மூட்டை தூக்கும் என் அப்பா அவரைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார். வருஷமெல்லாம் அப்படி நிற்கவைத்துவிட்டு, ஒரே ஒரு நாள், அதுவும் கழுவிய காலை, ஊரே பார்க்கக் கழுவுவது என்ன தாழ்மை? பிள்ளைகள் தாழ்மையானவர்கள் என்பதையும் நான் நம்பவில்லை. நானே பிள்ளையாக இருந்தேனே, எனக்குத் தெரியாதா? அந்தப் பன்னிரண்டில் முதல் நாற்காலிக்காக நாங்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டது எந்தப் போதகர் கண்ணிலும் பட்டதில்லை.

அந்த வருஷம் ஆராதனைக்குப் போகும் வழியில் அம்மாவை முன்னால் போகவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, லாரிகள் நிற்கும் இடத்தில் படிந்திருந்த சிமெண்டுப் புழுதியில் இரண்டு காலையும் அழுத்தி அழுத்தி மிதித்தேன். அய்யா முகம் சுளிக்கிறாரா என்று பார்த்தே தீரவேண்டும்.

என் முறை வந்தது. சாம்பல் பூசினாற்போலிருந்த கால்களைப் பார்த்தவர், நிமிர்ந்து, ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு விரலிடுக்கு விடாமல் தேய்த்துக் கழுவி, தண்ணீரை மாற்றச்சொல்லி மறுபடியும் கழுவி, தன் வெள்ளைத் துண்டாலேயே துடைத்துவிட்டார். பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். ஆராதனை முடிந்ததும் அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலில் அவரிடம் போய், "புள்ளை தெரியாம மிதிச்சுப்போட்டாளுங்க, மன்னிச்சுக்கோணுங்க" என்று தலைகுனிந்து நின்றார். நான் பக்கத்திலேயே நின்று அய்யாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா நின்ற கோலத்தைவிட, அய்யா முகம் சுளிக்காமல் போனதுதான் அன்று எனக்குப் பெரிய ஏமாற்றம். அதை இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இப்போது எங்கள் சபையில் அந்தச் சடங்கு கிடையாது. பெரிய வியாழக்கிழமைகளில் திரையில் படம் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சென்ற வருஷம், படுத்த படுக்கையாகிவிட்ட அய்யாவைப் பார்க்கப் போயிருந்தேன். பழங்கள் வைத்த பையை வாங்கிக்கொண்டு மருமகள் உள்ளே போனதும், அவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அம்மணி, நீ வேணும்னேதான் புழுதியில மிதிச்சுப்போட்டு வந்தீன்னு எனக்கு அப்பவே தெரியும். நானும் நாலு பேரு பாக்கோணும்னுதான் அத்தனை தேய்ச்சுக் கழுவினேன். நம்ம ரெண்டு பேரு வீம்புக்கு, உங்கப்பன் வந்து மன்னிப்புக் கேட்டுப்போட்டான்."

சாகக் கிடக்கும்போதும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாரோ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. "ஆமாங்கய்யா" என்று ஒரு வார்த்தை நானும் சொல்லியிருக்கலாம். காந்திபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.