ஒன்றாம் பின் எந்த ஓரம்?

இன்று பீன்யா தொழிற்பேட்டைக்குச் சண்டை போடத்தான் போனேன்.

நான் வடிவமைத்த குட்டிக் கம்ப்யூட்டர் போர்டுக்குக் கேபிள் செய்து தரும் பட்டறை அங்கே இருக்கிறது. நேற்று அவர்களுடைய கேபிளில் பவர் கொடுத்ததும் ஆறு போர்டும் ஒன்றாகக் கருகிவிட்டன. கனெக்டரில் ஐந்து வோல்ட் வரவேண்டிய பின்னில் கிரவுண்ட் ஒயர், கிரவுண்ட் ஒயர் இடத்தில் ஐந்து வோல்ட்!

ஒயர் போட்ட மேரியம்மாவைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே கத்தினார் முதலாளி.

மேரியம்மா கனெக்டரைத் திருப்பிக் காட்டினார். "சார், முன்னாடி இருந்து பாத்தா ஒண்ணாம் நம்பர் பின் இந்த ஓரம். ஒயர் சொருவுற பக்கம் இருந்து பாத்தா அந்த ஓரம். உங்க டிராயிங்ல எந்தப் பக்கம்னே போடல. போன் பண்ணி கேட்டேனே, 'டிராயிங்ல இருக்கற மாதிரியே பண்ணுங்க'ன்னீங்க."

கேட்டது உண்மை. நான் அப்போது மீட்டிங்கில் இருந்தேன். கேள்வியை முழுதாகக் காதில் வாங்கக்கூட இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி, "ஸாரி சார், இனிமே இவங்கள உங்க வேலைக்கு விடமாட்டேன்" என்றார்.

"பரவாயில்லை" என்றேன்.

அதாவது, என் தப்புக்கு மேரியம்மாவை மன்னித்துவிட்டு வந்தேன்.

ஆபீசுக்குத் திரும்பி, டிராயிங்கில் 'முன்பக்கத்திலிருந்து பார்த்தபடி' என்று சேர்த்துவிட்டேன். கீழே திருத்தங்களைப் பதியும் கட்டத்தில் தேதி போட்டாயிற்று, பெயரும் போட்டாயிற்று. 'காரணம்' என்ற இடம் மட்டும் இன்னும் காலி.

என்ன எழுதட்டும், சொல்லுங்கள். கட்டம் சின்னது, ஒரு வரிதான் பிடிக்கும்.