கோடி வைக்க மறந்த தடுப்பு: பாப்பாரப்பட்டியிலிருந்து ஹட்டன் மலைக்குப் பத்து நாள் ஊழியப் பயணம்

கோடை விடுமுறை வந்தால் எங்கள் தருமபுரிப் பக்கத்துக்கு ஊழியக் குழுக்கள் வருவது வழக்கம். சென்னையிலிருந்து வருவார்கள், பெங்களூரிலிருந்து வருவார்கள். பாட்டு, நாடகம், மருத்துவ முகாம் எல்லாம் நடத்திவிட்டு, "இங்கே தண்ணீருக்கே கஷ்டமாமே" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எப்போதும் வாங்குகிற பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். இந்த மே மாதம் பாப்பாரப்பட்டியில் உள்ள எங்கள் சின்ன சபையிலிருந்து ஏழு பேர் இலங்கை மலையகத்துக்குப் போய் வேலை செய்துவிட்டு வந்தோம். அதைப் பெருமையடித்துக்கொள்ளாமல் எழுத என்னால் முடியாது, முயற்சி செய்யவும் போவதில்லை.

அழைத்தது ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் சபை. அந்தத் தோட்டத்தில் ஒரு பிள்ளை மடுவம் இருக்கிறது. அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கூடத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர். மழை பெய்தால் பின்னாலிருக்கும் சரிவிலிருந்து தண்ணீர் இறங்கி மடுவத்துக்குள் வந்துவிடுகிறது. ஜூன் மழைக்கு முன் இதைச் சரிசெய்யாவிட்டால் மடுவத்தை மூடிவிடுவோம் என்று தோட்ட நிர்வாகம் சொல்லிவிட்டது. மூடினால் இருபது அம்மாக்கள் வேலைக்குப் போக முடியாது. காலையில் தடுப்புச் சுவர் வேலை, மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு வேதாகமப் பள்ளி என்பது எங்கள் திட்டம்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன், பென்னாகரத்தில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். ஆகவே சுவருக்கு நான் பொறுப்பு. குழுவுக்கு எங்கள் ஆயர் தலைவர். மற்றவர்கள் பாடுபவர்கள், கதை சொல்பவர்கள். கடைசி நேரத்தில் ஒரு பாடகிக்கு பாஸ்போர்ட் வரவில்லை. சபையில் கையில் பாஸ்போர்ட் வைத்திருந்த இன்னொரு ஆள் சலோமி மட்டும்தான். முன்பு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எடுத்து, போகாமல் பெட்டியில் வைத்திருந்தாள். நூறு நாள் வேலையில் ஏரி தூர்வாருவதும் கல் வரப்பு அடுக்குவதும் அவள் வேலை. "பாடத் தெரியாது, வசனம் வாசிக்கத் தெரியாது, அவள் அங்கே போய் என்ன செய்வாள்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். ஆயர்தான், "மண்ணு சுமக்க ஆள் வேணுமில்ல" என்று முடித்து வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேனில் கிளம்பினோம். தருமபுரி, சேலம், நாமக்கல் வழியாகத் திருச்சி விமான நிலையம் சுமார் 220 கிலோமீட்டர். நாமக்கல்லில் இட்லி சாப்பிட்ட நேரத்தையும் சேர்த்துப் பதினொன்றே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வேன் வாடகை 9,500 ரூபாய். மதியம் மூன்று மணி விமானம், ஒரு மணி நேரத்தில் கொழும்பு. போக வர டிக்கெட் ஒருவருக்கு 17,800 ரூபாய், இரண்டு மாதம் முன்பே எடுத்தது.

கொழும்பில் சலோமியின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஐந்து கிலோ கேழ்வரகு மாவும், பிடி கழற்றிய மண்வெட்டி ஒன்றும் இருந்தன. அதிகாரி மண்வெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"வேலைக்குங்க சார். நம்மளுது இருந்தாதான் கை ஓடும்."

"இந்த மா?"

"கேவுருங்க. களி கிண்ட."

மாவை முகர்ந்து பார்த்துவிட்டு, கேழ்வரகுக்கு அவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, "குரக்கன்!" என்று சிரித்துப் பெட்டியை மூடினார். எங்கள் குழுவில் யாருக்கும் கிடைக்காத சிரிப்பு அது.

அன்றிரவு நீர்கொழும்பில் தங்கி, செவ்வாய் காலை ஏழு மணிக்கு வேனில் ஏறினோம். அவிசாவளை, கித்துல்கலை வழியாக ஹட்டன் 140 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம். வேன் வாடகை இலங்கை ரூபாயில் 32,000. ஓட்டுநர் மலையகத் தமிழர். "இந்தியாவுல இருந்து வாறவங்க நுவரெலியாவுல போட்டோ எடுக்கத்தான் கூப்பிடுவாங்க. நீங்கதான் மம்பட்டியோட வாறீங்க" என்றார். வளைவுகளில் எங்கள் பாடகர்கள் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். சலோமி ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் ஓடிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இத்தினி தண்ணியும் சும்மா போவுதே" என்று அவளுக்கு ஆற்றாமை. ஹட்டனிலிருந்து தோட்டத்துக்கு இன்னும் பதினொரு கிலோமீட்டர் மலைப்பாதை.

மடுவத்தைப் பார்த்துக்கொள்பவர் ராணி டீச்சர். பால் இல்லாத இனிப்புத் தேநீர் கொடுத்து வரவேற்றார். அவர் காட்டிய இடத்தை அளந்து அன்று மாலையே படம் போட்டேன். சரிவுக்குக் குறுக்கே நாற்பதடி நீளம், மூன்றடி உயரம், கல்லும் சிமெண்டும். புதன், வியாழன், வெள்ளிக்கிழமை நண்பகல் வரை எல்லோரும் மாடாக உழைத்தோம். சந்து பொந்து இல்லாமல், எறும்பு நுழைய இடமில்லாமல் பூசினேன். முடித்ததும் சுவர்மேல் கைவைத்துக் குழுவாகப் படம் எடுத்து சபை வாட்ஸ்அப்பில் போட்டேன். பத்து நிமிடத்தில் முப்பத்தாறு "ஆமென்" வந்தது.

மதியம் இரண்டரைக்கு மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை வருவதற்கு முன் ஆயிரம் தடவை யோசிக்கும். அங்கே அப்படி இல்லை, குடத்தைக் கவிழ்த்தது போலக் கொட்டியது. அரை மணி நேரத்தில் சுவருக்குப் பின்னால் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், சுவர் அசையவில்லை. அப்புறம் தண்ணீர் சுவரின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு, சேர்ந்து நின்ற வேகம் மொத்தத்தோடும் மடுவத்தின் வாசலுக்குள் புகுந்தது. முன்பெல்லாம் கசிந்து வந்த தண்ணீர், எங்கள் உழைப்பின் புண்ணியத்தில் ஓடி வந்தது. ராணி டீச்சர் இரண்டு இடுப்பிலும் இரண்டு குழந்தைகளோடு பெஞ்சின்மேல் ஏறி நின்றார்.

சலோமி வெறுங்காலோடு மழைக்குள் போய் சுவரை முனைக்கு முனை நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"இடிச்சிரலாங்கண்ணா" என்றாள்.

"எதை?"

"செவுத்தத்தான். தண்ணி வெளிய போறதுக்கு வழியே வெக்கலீங்களே."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் வேலை, என் படம், முப்பத்தாறு ஆமென். "இன்னும் ரெண்டடி உயர்த்தினால் போதும்" என்றேன்.

"ஒசத்துனா இன்னும் ரெண்டடி தண்ணி சேரும், அவ்ளோதான். ஏரின்னா கோடி வேணாங்களா? நம்ம ஏரி கோடி போயி எத்தினி வருசமாச்சு, அதான் நம்ம ஏழு பேருக்குமே ஞாபகம் வர்ல. நானும்தான் கல்லு எடுத்துக் குடுத்தேன்."

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிய ஒரு பக்கம் தாழ்வாக விட்டிருப்பதைத்தான் எங்கள் பக்கம் கோடி என்போம். தண்ணீரைக் கண்டால் மறித்து நிறுத்தத்தான் எங்களுக்குக் கை போகும். மிச்சத்தை அனுப்பி வைக்கிற பழக்கம் எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. டிப்ளமோ படித்த எனக்கு அது முதலில் தோன்றியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. ஆயர் என்னைப் பார்த்தார். "இடிச்சிரலாம்" என்று நானே சொன்னேன்.

சனிக்கிழமை காலை என் சுவரின் ஒரு முனையை நானே சம்மட்டியால் உடைத்தேன். சலோமி அங்கே இரண்டடி தாழ்வாக ஒரு கோடி வைத்தாள். அதிலிருந்து மடுவத்தைச் சுற்றிக் கீழே வரைக்கும் சிமெண்ட் இல்லாமல் கல் பாவிய வாய்க்கால். ஒவ்வொரு கல்லையும் மிதித்துப் பார்த்து, ஆடினால் எடுத்துத் திருப்பி வைப்பாள். தண்ணீரைக் கடைசியில் எங்கே விடுவது என்று தெரியவில்லை. வேலை முடிந்து வந்த தோட்டத்து ஆண்களிடம் கேட்டாள். தேயிலைக்கு நடுவே மழைத் தண்ணீர் போக வெட்டியிருக்கும் பள்ளத்தை அவர்கள் கான் என்கிறார்கள். "அந்தப் பெரிய கானுல சேத்துட்டா ஆத்துக்கே போயிரும்" என்று காட்டிவிட்டு அவர்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். பாடகர்கள் வரிசையாக நின்று கல் கைமாற்றினார்கள். ஞாயிறு ஆராதனை; திங்கள் மாலை வாய்க்கால் முடிந்தது. செவ்வாய் நடந்த வேதாகமப் பள்ளி நிறைவு நிகழ்ச்சியில் நாங்கள் எல்லோரும் சேறு படிந்த நகங்களோடுதான் மேடையில் நின்றோம்.

கஷ்டம் என்னவென்றால், வெள்ளிக்குப் பிறகு மழையே இல்லை. வேலை சரிதானா என்று தெரியாமலே புதன்கிழமை விமானம் ஏறினோம். அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லும்போது சுவர் கதையை மறைக்காமல் சொன்னேன். மூன்று வாரம் இலங்கை வானிலைச் செய்தி பார்ப்பதே வேலையாக இருந்தது.

ஜூன் மாதம் ஒரு முற்பகல் ராணி டீச்சரின் குரல் பதிவு வந்தது. கேட்ட கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு சலோமி வேலை செய்யும் ஏரிக்கரைக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. போனை அவள் காதருகே வைத்தேன்.

"அண்ணே, மூணு நாளா விடாம மழ. மடுவத்துக்குள்ள ஒரு சொட்டு இல்ல. பிள்ளைக தரையிலதான் படுத்துத் தூங்குதுக. தோட்டத்துத் தொர வந்து பின்னால போயி நின்னு பாத்தாரு. மூட வேணாம், புதுப் பாய் அனுப்புறேன்னு சொல்லிட்டுப் போறாரு. சலோமிகிட்ட சொல்லுங்க."

சலோமி மூன்று தடவை போடச் சொன்னாள். பிறகு மண் சுமக்கும் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏய், எல்லாரும் இங்க வாங்கடி, இத்தக் கேளுங்க!" என்று கரை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். பதினைந்து பெண்கள் என் போனைச் சுற்றி நின்றார்கள். எங்கள் ஊர் மண்ணில் வேலை செய்து பழகிய கை, கடல் தாண்டி இருபது அம்மாக்களின் வேலையைக் காப்பாற்றியிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எந்த விசா என்பதை அழைக்கும் சபையிடம் முதலிலேயே கேட்டு, அழைப்புக் கடிதத்தோடு விண்ணப்பியுங்கள். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யாதீர்கள். எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 31,400 ரூபாய் ஆனது. மே மாதம்தானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தேயிலைக்குள் அட்டை கடிக்கும், உப்போ சோப்போ கையில் இருக்கட்டும். களி அங்கே நன்றாகவே எடுபடும். போன முதல் நாளே வரைபடம் போட்டுவிடாதீர்கள், ஒரு மழையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். குழுவுக்கு ஆள் எடுக்கும்போது குரலை மட்டும் பார்க்காதீர்கள்.

போன வாரம் அந்தச் சபையிலிருந்து அடுத்த கோடைக்கான அழைப்புக் கடிதம் வந்தது. ஆயர் ஆராதனையில் வாசித்தார். மேல் லயத்தில் உள்ள தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும் இதே மாதிரி ஒரு வாய்க்கால் வேண்டுமாம். கீழே, வரவேண்டியவர்களின் பெயர் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்கள்: "சலோமி கட்டாயம். மற்றவர்கள், இடம் இருந்தால்." சபையே சிரித்தது. அந்த மற்றவர்களில் ஒருவனாக நான்தான் முதலில் எழுந்து நின்று கைதட்டினேன்.