சாவு வீட்டில் சிவப்புச் சூப்

மிரான் சொல்லியிருந்தது வெள்ளைச் சூப். வந்து இறங்கியது சிவப்பு.

இரண்டு அண்டா. மாட்டிறைச்சி நாரும் வெங்காயத்தாளும் மிளகாய்த்தூளும் கொதித்து, மேலே ஒரு விரற்கடை எண்ணெய் மிதந்தது. மருத்துவமனை அஞ்சலிக் கூடத்துச் சமையலறையின் தலைவி ஒக்நம் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

"யாரு மாத்தினது அக்கா?"

"உங்க பெரியப்பாதான். மத்தியானம் வந்து, 'சாவுக்கு வெள்ளைச் சூப்பா, என்ன பத்தியமா போடுறீங்க'ன்னு ஒரே சத்தம். தொக்சிம் அக்கா எழுந்து வந்து என்னைய உதைக்கும்னு சொன்னேன். 'செத்தவங்க உதைக்க மாட்டாங்க, போய் அடுப்பப் பத்தவை'ன்னாரு."

"இப்ப மாத்த முடியாதா?"

"ரெண்டு அண்டாம்மா. இனிமே நாளைக் காலைலதான்."

மிரானின் அம்மா தொக்சிம் கடைசியாக விட்டுப்போனது ஒரே ஒரு ஆசை. சொத்து இல்லை, நகை இல்லை, புதைப்பதா எரிப்பதா என்ற பேச்சுகூட இல்லை. 'என் சாவுல சிவப்புச் சூப் ஊத்தக் கூடாது.' வருடக்கணக்காக, ஒவ்வொரு கறைச் சட்டையையும் கையில் எடுக்கும்போது சொன்னது. அதைக்கூட ஒரு நாள் காப்பாற்ற முடியவில்லை.

கறையோடு தொக்சிமுக்குப் பகை கிடையாது. கறை பட்டவுடன் மனிதர்கள் செய்கிற காரியங்களோடுதான் பகை.

கல்யாணமான புதிதில் அவளும் கணவன் சாங்கோவும் தேஜொன் நகரின் இந்த மருத்துவமனைக்கு எதிரே சலவைக்கடை போட்டார்கள். பிணவறைப் பக்கம் பார்த்த கடை என்று வேறு யாரும் அதை எடுக்கவில்லை. சாங்கோவுக்கு இஸ்திரி. பேசாத மனிதர், கூரையிலிருந்து தொங்கும் நீராவி இஸ்திரிப் பெட்டியின் உஸ்ஸென்ற சத்தம்தான் அவர் பதில். தொக்சிமுக்குக் கறை மேசையும் வாயும். துக்க வீட்டாருக்கு அஞ்சலிக் கூடம் வாடகைக்குக் கொடுக்கும் கறுப்பு உடுப்புகளும் வெள்ளைச் சட்டைகளும் சாலையைத் தாண்டி அவளிடம்தான் வந்தன. வந்ததில் பாதி, மார்பில் ஆரஞ்சுப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தன.

யுக்கேஜாங் கறை. சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எல்லாரும் ஊற்றும் அந்தச் சிவப்புச் சூப். சிவப்பைக் கண்டால் கெட்டது அண்டாது என்பார்கள். கெட்டது அண்டியதோ இல்லையோ, சட்டையில் சூப் அண்டியது. அழுகிற மனிதனுக்குக் கை நடுங்கும். குடித்த மனிதனுக்கு இன்னும் நடுங்கும். அதையெல்லாம் தொக்சிம் மன்னித்துவிடுவாள். மன்னிக்காதது ஈரத்தாளை.

"இதுல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்களே."

"ஒண்ணும் பண்ணாமத்தான் நூலு பஞ்சாப் போயிருக்கா?"

"லேசா... ஈரத்தாளால தொடச்சேன்."

"லேசாவா? எருமையக் குளிப்பாட்டுற மாதிரி தேச்சிருக்கீங்க. ஒரு பொட்டு இருந்திருக்கும். இப்பப் பாருங்க, உள்ளங்கை அகலம்."

"கறை போகுமாங்க?"

"கறை போகும். துணிதான் திரும்பி வராது."

எண்ணெயில் ஊறிய மிளகாய் நிறத்தைத் தண்ணீர் கரைக்காது. இழுத்துப் பரப்பத்தான் செய்யும். தேய்த்தால் இழைக்குள் இறங்கும். பருத்தியில் மேல்நூல் சிலும்பும். கறுப்புப் பட்டில் சாயம் வெளுத்து, எந்தச் சாவுக்கும் போடமுடியாத ஒரு சாம்பல் வட்டம் விழும். இத்தனைக்கும் செய்ய வேண்டியது மிகக் குறைவு. கரண்டி விளிம்பால் வழித்தெடு. உலர்ந்த தாளை வைத்து ஒற்று. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இரு. அந்தக் கடைசி வேலையை மட்டும் யாராலும் செய்ய முடியவில்லை.

ஒருவர் சாராயம் ஊற்றித் தேய்த்துக்கொண்டு வந்தார். ஒருத்தி வெந்நீரில் ஊறவைத்துவிட்டு வந்தாள். வங்கி மேலாளர் ஒருவர் வீட்டில் சலவைக்காரம் போட்டு வெளுக்கப் பார்த்து, அப்பாவுடைய பட்டுச் சட்டையை மஞ்சளாக்கி எடுத்துவந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொக்சிம் அன்று திட்டாமல் வாங்கி வைத்தாள். அவர் போனதும் சாங்கோவிடம் சொன்னாள்: "அந்த ஆளு அப்பன ரெண்டு தடவ பொதச்சிட்டாரு."

பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் சாலையைக் கடந்து, அஞ்சலிக் கூடத்து மேலாளரிடமே போய்விட்டாள். வெள்ளைச் சூப் போடுங்கள் என்றாள். முள்ளங்கியும் இறைச்சியும் போட்டு, மிளகாய் இல்லாமல். அவர் சிரித்தார். "அக்கா, கறையே வரலன்னா உங்க பொழப்பு என்ன ஆகும்?" அதைக் கேட்டு அவள் கோபம் இரண்டு மடங்காகியது. அடுத்த வாரம், 'ஈரத்தாளால் தேய்க்காதீர்' என்று எழுதிய தாள்களைக் கூடத்து மேசைகளில் ஒட்டிவிட்டு வந்தாள். மேலாளர் கிழித்தார். இவள் ஒட்டினாள். அவர் ஓய்வு பெறும்வரை இது நடந்தது. அவருக்குப் பின் வந்தவர் வெள்ளைச் சூப்பையும் பட்டியலில் சேர்த்தார். வேண்டுமென்றால் கேட்கலாம். யாரும் கேட்கவில்லை.

மிரான் சாய வேதியியல் படித்து, தேகு நகரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் வேலைக்குப் போனதும் சண்டை தொலைபேசிக்கு மாறியது. பாத்திர சோப்பு போட்டு எண்ணெயை எடுத்தபின் துணியில் தங்கும் ஆரஞ்சு நிழல்தான் தகராறு. தொக்சிம் வெயிலில் போடுவாள். மிளகாய் நிறம் வெயிலுக்கு நிற்காது. ஒரு பகல் போதும். மிரான், வெளுக்கிற பெராக்சைடு திரவம் என்பாள்.

"வெள்ளைப் பருத்திக்கு அரை மணி நேரம் போதும்மா. எதுக்கு ஒரு நாள் பூரா காயப்போடுற?"

"வெயிலு துணியக் கடிக்காது."

"கடிக்கும். பட்டு வெயில்ல மஞ்சளாகும். உனக்கே தெரியும்."

"பட்டை எவடி வெயில்ல போட்டா? பருத்தியப் பத்திப் பேசு."

"நானும் பருத்தியத்தான் சொல்றேன்."

"அப்ப எதுக்குடி பட்ட இழுத்த?"

மழைக்காலத்தில், வெயில் எட்டிப் பார்க்காத வாரங்களில், தொக்சிம் பெராக்சைடு போட்டாள். உள் தையலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பிறகு போட்டாள். நன்றாகவே போனது. அதை மகளிடம் சொன்னது சாங்கோ, ரகசியமாக. "அம்மா கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத." அந்த வருடம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை, கறை மேசைக்கு முன்னால், தொக்சிமின் இதயம் நின்றது. கையில் தூரிகை இருந்தது. எதிரே இருந்த மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். சாலையைக் கடக்கும் நேரம்தான் ஆனது. பயனில்லை.

இப்போது மிரான் உடுத்தியிருக்கும் கறுப்பு உடுப்பும் கூடத்தின் வாடகை உடுப்புதான். காலையில் கட்டும்போது இடுப்புத் துணியின் உட்புறம் பார்த்தாள். இரண்டு வெள்ளைத் தையல், குறுக்காக. அம்மா சலவை செய்த துணி என்பதற்கு அம்மா போடும் அடையாளம். போன வாரத்து வேலையாக இருக்கும். மிரான் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அழ நேரமில்லை. அந்தச் சமயத்தில்தான் பெரியப்பா பூ வளையங்களை வரிசை மாற்றிக்கொண்டிருந்தார்.

மாலையில் கூட்டம் வந்தது. படத்துக்கு இரண்டு முறை விழுந்து வணங்கினார்கள். படத்திலும் தொக்சிம் முறைத்துக்கொண்டிருந்தாள். சிரித்த படம் ஒன்று வீட்டில் கிடைக்கவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் அவளுடைய வாடிக்கையாளர்கள். சிவப்புச் சூப்பைக் கண்டதும் அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். முக்குப் பூக்கடைக்காரர் கழுத்திலிருந்து மடிவரை தாள்களைச் செருகிக்கொண்டு, கிண்ணத்தை வாயருகே தூக்கிப் பிடித்துச் சாப்பிட்டார்.

"ஏங்க, கொழந்த மாதிரி?" என்றாள் அவர் மனைவி.

"எதிர்லயே அக்கா படம் இருக்கு. ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா நான் தொலஞ்சேன்."

"செத்துப் போச்சுய்யா மனுஷா அந்தம்மா."

"அதனால என்ன? கண்ணப் பாரு."

நடுமேசையில் பெரியப்பா இருந்தார். சாங்கோவின் அண்ணன், வீட்டுக்கு மூத்தவர். சாராயம் இரண்டாவது புட்டியில் இருந்தது. தம்பியின் கடையை அவர் என்றைக்கும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, 'அழுக்குத்துணி' என்பார். இன்றும் அதுதான். "அழுக்குத்துணி அலசியே என் தம்பி பொண்டாட்டி ஒரு பொண்ணப் படிக்கவெச்சா. அவளுக்கு ஒரு நல்ல சூப் ஊத்தி அனுப்பணுமா வேணாமா? அந்தப் பொண்ணு வெள்ளத் தண்ணி ஊத்தச் சொல்லுது! படிச்ச பொண்ணு! பெத்தவ சாவுக்கு—" என்று கையை வீசினார். கை கிண்ணத்தில் பட்டது.

அரைக் கிண்ணம். கழுத்துப் பட்டைக்குக் கீழிருந்து வயிறு வரை. புதுச் சட்டை, சாவுக்கென்றே வாங்கியது.

"அய்யய்யோ, ஈரத்தாள்! எவனாவது ஈரத்தாள் குடுங்கடா!"

யாரோ கொடுத்தார்கள். பெரியப்பா வாங்கி, மார்பில் வைத்து, பலகையைத் தேய்ப்பதுபோல் ஒரு தேய்.

"தேய்க்காதீங்க!"

கூடம் அப்படியே நின்றது. பூக்கடைக்காரர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்துக் கூடத்தில் வேறு யாருக்கோ அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்தினார்கள். கத்தியது தான்தான் என்பது மிரானுக்கு அப்புறம்தான் தெரிந்தது. குரல் அவளுடையதாக இல்லை.

படத்துக்குப் பக்கத்தில், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் பாயில் உட்கார்ந்திருந்த சாங்கோ எழுந்தார். நேராக அண்ணனிடம் வந்து, அவர் கையிலிருந்த ஈரத்தாளைப் பிடுங்கி எறிந்தார்.

"கழட்டு."

"டேய், நூறு பேரு முன்னாடியா?"

"கழட்டுண்ணே."

பெரியப்பா கழற்றினார். உள்ளே ஓட்டை விழுந்த பனியன். யாரோ ஒரு கிழவி இருமுவதுபோல் சிரித்தாள். சமையலறையிலிருந்து ஒக்நம், யாரும் கேட்காமலே, பாத்திர சோப்பும் ஒரு கற்றைத் தாளும் பழைய பல்துலக்கி ஒன்றும் கொண்டுவந்து வைத்தாள்.

"இங்க வந்தா அக்கா எப்பவும் இதத்தான் கேக்கும்," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் போனாள்.

சாங்கோ கரண்டி விளிம்பால் வெங்காயத்தாளை வழித்தெடுத்தார். சட்டையைக் குப்புறத் தாள்மேல் விரித்தார். மிரான் எதிரே மண்டியிட்டு, சோப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கிக் கொடுத்தாள். கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, பின்பக்கத்திலிருந்து, தட்டல். தேய்ப்பில்லை. அடியிலிருந்த தாள் ஆரஞ்சாகியது. புதுத் தாள். மறுபடி தட்டல். வணங்க வந்தவர்கள் வணங்கிவிட்டு, துக்க வீட்டார் பாயில் இல்லாததைக் கண்டு, கறை எடுக்கும் மேசைக்கு வந்து அங்கேயே குனிந்து வணங்கினார்கள்.

"சாவு வீட்டுல சலவைக்கட போட்டுட்டானுங்க," என்றார் பனியனில் இருந்த பெரியப்பா. வழக்கமான சுருதி இல்லை. கொஞ்ச நேரம் தட்டுவதையே பார்த்தார். "அவ எனக்கும் சொல்லியிருக்கா. சிவப்பு வேணாம்னு. வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன்."

மிரான் அடியிலிருந்த தாளை மாற்றினாள்.

"ஒக்நம்! நாளைக்கு அந்த வெள்ளத் தண்ணியவே ஊத்துங்க. மிச்ச ரெண்டு நாளும்."

"சரிங்க," என்று சமையலறையிலிருந்து உடனே குரல் வந்தது. முள்ளங்கி ஏற்கெனவே நறுக்கியாகிவிட்டது போலிருந்தது.

எண்ணெய் போய்விட்டது. பெரியப்பா தேய்த்த இடத்தில் நூல் சிலும்பியிருந்தது. அது இனி அப்படித்தான். மற்ற இடத்தில் ஆரஞ்சு நிழல் மட்டும். சாங்கோ சட்டையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"நாளைக்கு வெயில் வேணும்," என்றார்.

மிரான் கைபேசியில் பார்த்தாள். "ரெண்டு நாளும் மழைப்பா. கடையில என் பெராக்சைடு இருக்குல்ல?"

"மேல் தட்டுல. கஞ்சி மாவு டப்பாக்குப் பின்னாடி ஒளிச்சுவெச்சிருக்கா." சட்டையைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லாத."

சொல்லிவிட்டு, யாரிடம் சொல்லக் கூடாது என்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது. சட்டையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மிரான் படத்தைப் பார்த்தாள். அம்மா முறைத்தாள்.

"உள் தையல்ல மொதல்ல ஒரு சொட்டு விட்டுப் பாக்குறேன்," என்றாள் மிரான்.