இறக்கையைத் தின்ற மாடு

பால்காரம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் ஊர் வைத்த பெயர் ‘கறார்’. அவள் அளந்தால் ஒரு சொட்டுக் குறையாது, கூடவும் கூடாது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மாடுகளையும் ஒரே மகனையும் தனியாளாக வளர்த்தாள். மகன் இப்போது போர்முனையில் இருந்தான்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த தம்பி ஒரு மாலை வந்து தலையைச் சொறிந்தான்.

“அக்கா, காயம்பட்ட சிப்பாய்ங்களுக்கு வார்டு கட்டணும்னு ஒரு ஆகாய விமானம் ஊர் ஊரா இறங்கி, காசுக்கு ஆளுங்களை மேல ஏத்திச் சுத்திக் காட்டி நிதி திரட்டுது. நம்ம பக்கத்துல மட்டமான நிலம் உன்னுதுதான்.”

“எதுடா மட்டம்? நாக்கை அடக்கிப் பேசு!”

“மேடு பள்ளம் இல்லாத நிலம்னு சொன்னேன்க்கா!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் எந்த ஊர்க் கட்டிலில் கிடக்கிறானோ என்ற நினைப்பும் கூடவே வந்தது. சரி என்றாள். மறுநாளே மேய்ச்சல் நிலத்தில் இறங்கிக் கல் பொறுக்கினாள்.

விமானம் வந்து இறங்கிய அன்று ஊரே அங்கே திரண்டது. விமானி அவள் வீட்டு வாசலில் தேநீர் குடிக்க உட்கார்ந்ததும் கூட்டம் அவனை மொய்த்துக்கொண்டது. விமானத்தை யாரும் பார்க்கவில்லை, செவலை மாட்டைத் தவிர. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய இறக்கைத் துணியில் பூசியிருந்த பூச்சின் வாசனை அதற்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். யாரோ கத்துவதற்குள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை.

பால்காரம்மாவின் முகம் செத்துவிட்டது. “என் மாடு பண்ணின வேலை. என்ன செய்யணும் சொல்லுங்க தம்பி.”

விமானி ஓட்டையைப் பார்த்தான். அசை போட்டு நின்ற செவலையைப் பார்த்தான். “குண்டுக்குத் தப்பின இறக்கை, உங்க மாட்டுக்குத் தப்பலையேம்மா!” என்று வாய்விட்டுச் சிரித்தான். “ஒட்டுத்துணி எங்கிட்ட இருக்கு. கூடத் தைக்க ஒரு ஆள் வேணும்.”

இருவரும் இறக்கையின் மேலும் கீழுமாக உட்கார்ந்து ஊசியை மாற்றி மாற்றி வாங்கினார்கள்.

“மேல போனா சண்டை நடக்குற இடம் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியாதும்மா. அது கடல் தாண்டி.” ஊசியை இழுத்து வாங்கிக்கொண்டே, “மகனா?” என்றான்.

தலையாட்டினாள்.

மறுநாள் காலை பூச்சு காய்ந்ததும் முதல் ஆளாக அவளைத்தான் ஏறச் சொன்னான். தம்பி பதறினான். “வேணாம்க்கா!”

“உனக்குப் பயமா இருந்தா நீ கண்ணை மூடிக்கோ.”

மேலே போனதும் அவள் தேடியது ரயிலடிச் சாலையை. மகன் போன அன்று மாவு மில் திருப்பம் வரை பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். அவள் மனதில் அந்தச் சாலை அங்கேயே முடிந்திருந்தது. இப்போது பார்த்தால் அது மரங்களுக்கு நடுவே புகுந்து, பாலம் ஏறி, அடுத்த ஊரையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. போன வழி இருந்தால் வரும் வழியும் அதுதானே என்று தோன்றியது. இறங்கியபோது கண் கலங்கியிருந்தது. காற்று என்றாள்.

வார்டு எழும்பியது. போர் முடிந்த வருஷம் மகன் வந்து சேர்ந்தான். ஒரு காது அறவே போயிருந்தது. மறு காது அரைகுறை. வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசப் பழகிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சேதி எதையும் அக்கம்பக்கத்தார் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.